பிரிக்ஸ் விரிகிறது: சரக்கு எந்தப் பக்கம் போகும், காசு எங்கே நிற்கும்?

கேள்வி இது: பிரிக்ஸ் மாதிரியான வளரும் நாடுகளின் கூட்டணிகள் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போகின்றன. இதனால் உலக வர்த்தகம் எப்படி மாறும்? டாலரின் இடம் போய்விடுமா? நம் ஊர் ஏற்றுமதியாளர்களுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?

ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருபத்தைந்து வருஷம் ஏற்றுமதி பில்லும் எல்சியும் (வாங்குபவரின் வங்கி தருகிற பண உத்தரவாதம்) பார்த்தவன் நான். பில் வந்து விழுகிற மேசையிலிருந்து இந்தக் கேள்வி எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். முதலில் சுருக்கமான பதில்: சரக்குக்குப் போடுகிற சுங்க வரியை பிரிக்ஸ் இதுவரை ஒரு சதவீதம்கூடக் குறைத்ததில்லை. அது கை வைத்திருப்பது சரக்குக்கான காசு போய்ச் சேருகிற வழியில். அந்த வழி எவ்வளவு தூரம் திறக்கும் என்பதை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது. விற்றவர் கையில் வந்து சேருகிற பணத்தை வைத்து அவர் எதை வாங்க முடியும்? இனி நான் சொல்லப்போகிற எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

2025 ஆகஸ்ட் கடைசி. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 25% வரி ஏற்கெனவே நடப்பில் இருந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25% ஆகஸ்ட் 27 முதல் சேர்ந்து, மொத்தம் 50% ஆனது. திருப்பூர் ஏற்றுமதியில் பெரிய பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு பனியன் கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அமெரிக்கா வேண்டாம்னா போகட்டுங்க சார். பிரிக்ஸ்ல பத்து நாடு இருக்குதுங்களே, உலக ஜனத்தொகையில பாதி அங்கதான்னு டிவியில சொல்றாங்க. அங்க விக்க முடியாதுங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இரண்டு பேரும் உட்கார்ந்து நாடு நாடாகப் பார்த்தோம். அவருடைய சரக்கு பருத்தி டி-ஷர்ட். சுங்க அட்டவணையில் 6109 என்ற எண். பிரேசிலில் ஆடைக்கு இறக்குமதி வரி 35%. தென்னாப்பிரிக்காவில் 45%. சீனாவும் இந்தோனேசியாவும் உலகத்துக்கே ஆடை தைத்து அனுப்புகிற நாடுகள். எகிப்தும் எத்தியோப்பியாவும் தங்கள் ஊரில் தைத்த சட்டையை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் விற்கப் பார்ப்பவை. அவை நமக்குப் போட்டி. ரஷ்யாவில் வாங்க ஆள் உண்டு, ஆனால் சரக்கு போக வேண்டும், பணம் வர வேண்டும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். ஈரானுக்கு விற்க நினைத்தால், அமெரிக்கத் தடைக்குப் பயந்து பாதி வங்கிகள் பில்லைத் தொடவே தொடாது. வரி இல்லாமல் அவர் சரக்கு நுழையக்கூடிய நாடு என்று பட்டியலில் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது ஐக்கிய அரபு அமீரகம். அந்தச் சலுகைகூட பிரிக்ஸால் கிடைத்தது இல்லை. 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிற இந்தியா–அமீரக இருதரப்பு ஒப்பந்தத்தால் கிடைத்தது. அமீரகம் பிரிக்ஸில் சேர்ந்ததே 2024இல்தான்.

அவர் கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப பிரிக்ஸ்னா என்னதாங்க சார்?" என்றார்.

அது பிறந்த கதையே கொஞ்சம் விசித்திரமானது. 2001இல் கோல்டுமேன் சாக்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜிம் ஓ'நீல், வேகமாக வளரப்போகும் நாடுகள் என்று பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா நான்கையும் ஒரே சொல்லில் கட்டினார். முதலீட்டாளர்களுக்காக எழுதிய அறிக்கை அது. அந்தச் சொல்லை அந்த நாடுகளே எடுத்துக்கொண்டு 2009 ஜூனில் ரஷ்யாவின் எகடெரின்பர்க்கில் முதல் உச்சி மாநாடு நடத்தின. அடுத்து தென்னாப்பிரிக்கா சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் ஆறு நாடுகளுக்கு அழைப்பு போனது. புதிய அதிபர் மிலே வந்ததும் அர்ஜென்டினா வேண்டாம் என்றது. எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், அமீரகம் நான்கும் 2024 ஜனவரியில் வந்தன. சவுதி அரேபியா அழைப்பை ஏற்றதாகவும் சொல்லாமல், மறுத்ததாகவும் சொல்லாமல் கூட்டங்களுக்கு ஆள் அனுப்புகிறது. அதனால்தான் சில பட்டியலில் 10 நாடு, சிலவற்றில் 11. 2025 ஜனவரியில் இந்தோனேசியா சேர்ந்தது. அதற்கு முன்பே ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த மாநாட்டில் 'பங்காளி நாடு' என்று ஒரு வெளித்திண்ணையும் போட்டுவிட்டார்கள். மலேசியா, தாய்லாந்து, கஜகஸ்தான், நைஜீரியா, வியட்நாம் எல்லாம் அதில் உட்கார்ந்திருக்கின்றன.

அந்தந்த நாட்டு விலைவாசியைச் சரிக்கட்டி, வாங்கும் சக்தி அடிப்படையில் பார்த்தால், உலக உற்பத்தியில் ஏறக்குறைய 40% இந்த உறுப்பு நாடுகளுடையது. கேட்கப் பெரிதாக இருக்கிறது, உண்மையும்கூட. ஆனால் பிரிக்ஸுக்கு வரி குறைப்பு ஒப்பந்தம் கிடையாது, பொதுச் சந்தை கிடையாது, நிரந்தரத் தலைமைச் செயலகம்கூடக் கிடையாது. வர்த்தகத்தை நேரடியாக மாற்றுகிற கூட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 15 நாடுகள் 2020 நவம்பரில் கையெழுத்திட்டன. எந்தப் பொருளுக்கு எந்த வருஷம் எத்தனை சதவீதம் குறையும் என்று வரிவரியாக அட்டவணை இருக்கிறது. இந்தியா அதிலிருந்து 2019 நவம்பரில் விலகியது. சீனச் சரக்கு வரியில்லாமல் உள்ளே கொட்டும் என்ற பயம்தான் முதல் காரணம். அதே இந்தியாவும் அதே சீனாவும் பிரிக்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடிகிறது என்றால், அங்கே வரி பற்றிய பேச்சு இல்லை என்பதுதான் காரணம்.

சரி, அப்படியானால் சரக்கின் பாதை மாறவே இல்லையா? மாறியிருக்கிறது, நிறையவே. ஆனால் அதை மாற்றியது வேறு கை.

சோயாவை எடுத்துக்கொள்ளுங்கள். சீனா வருஷத்துக்குப் பத்துக் கோடி டன் அளவில் சோயா வாங்குகிறது. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கு பன்றிக்கும் கோழிக்கும் தீவனம். 2018இல் டிரம்ப் சீனப் பொருள்களுக்கு வரி போட்டபோது, சீனா பதிலுக்கு அமெரிக்க சோயாவுக்கு 25% வரி போட்டது. அதற்கு முந்தைய வருஷம் சீனா வாங்கிய சோயாவில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. 2024இல் அது ஐந்தில் ஒரு பங்கு. பிரேசிலின் பங்கு 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சீன அரசு நிறுவனமான காஃப்கோ பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்தில் தானியம் ஏற்றச் சொந்தமாக முனையம் கட்டுகிற அளவுக்கு இது போய்விட்டது. துறைமுகம் கட்டிவிட்டால் வியாபாரம் பழைய இடத்துக்கு அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. இதில் பிரிக்ஸ் தீர்மானம் எதுவும் இல்லை. அமெரிக்கா ஒரு கதவைச் சாத்தியது, சீனா பிரேசிலின் கதவைத் தட்டியது.

இந்தியாவின் ரஷ்ய எண்ணெய்க் கதையும் அப்படியே. 2022க்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. உக்ரைன் போர் தொடங்கி ஐரோப்பா வாங்குவதை நிறுத்தியதும், தள்ளுபடி விலை கிடைத்தது. இரண்டே வருஷத்தில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் மேலே போனது. மலிவாகக் கிடைத்ததால் வாங்கினோம், பிரிக்ஸ் நட்புக்காக வாங்கவில்லை.

ஆனால் வாங்கியதற்குக் காசு கொடுக்க வேண்டுமே. பிரிக்ஸின் வேலை தெரிய ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2022 பிப்ரவரியில், ரஷ்ய மத்திய வங்கி வெளிநாடுகளில் வைத்திருந்த கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலரை மேற்கு நாடுகள் முடக்கின. ரஷ்யாவின் பெரிய வங்கிகள் பல, வங்கிகள் தங்களுக்குள் பணம் அனுப்பும் தகவலைப் பரிமாறிக்கொள்கிற ஸ்விஃப்ட் வலையிலிருந்து நீக்கப்பட்டன. ரஷ்யா செய்தது சரியா தவறா என்ற வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மற்ற நாடுகளின் நிதி அமைச்சகங்களில் அன்று ஒரு விஷயம் பதிந்துவிட்டது: டாலரிலும் யூரோவிலும் வைத்திருக்கிற சேமிப்பு ஒரு நாள் கைக்கு எட்டாமல் போகலாம். பிரிக்ஸ் வாசலில் வரிசை நீண்டதற்கு என் பார்வையில் இதுதான் முதல் காரணம். உள்ளே வந்து டாலரைக் கவிழ்க்க வேண்டும் என்ற ஆசை பெரும்பாலோருக்கு இல்லை. முன்வாசல் அடைபட்டால் போக ஒரு கொல்லை வாசல் வேண்டும், அவ்வளவுதான்.

2022 ஜூலை 11 அன்று ரிசர்வ் வங்கி, வெளிநாட்டு வர்த்தகத்தை ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ள வழி செய்து சுற்றறிக்கை விட்டது. வழி இப்படி: ரஷ்ய வங்கி ஒன்று இந்திய வங்கியில் ரூபாய்க் கணக்கு ஒன்று திறக்கும். அதற்கு வாஸ்ட்ரோ கணக்கு என்று பெயர். இங்கே எண்ணெய் வாங்குகிறவர் அந்தக் கணக்கில் ரூபாயைக் கட்டுவார். இங்கிருந்து ரஷ்யாவுக்குத் தேயிலையோ மாத்திரையோ அனுப்புகிறவருக்கு அந்தக் கணக்கிலிருந்தே ரூபாய் வரும். எல்லைக்கு அப்பால் ஒரு பைசா நகர வேண்டியதில்லை. பார்க்க எவ்வளவு அழகான ஏற்பாடு!

இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள். 2024–25இல் ரஷ்யாவிலிருந்து இந்தியா வாங்கியது சுமார் 6,380 கோடி டாலருக்கு. விற்றது 490 கோடி டாலருக்குக் கொஞ்சம் கம்மி. எல்லாவற்றையும் ரூபாயிலேயே தீர்த்தால், கணக்கில் பதின்மூன்று பங்கு உள்ளே வரும், ஒரு பங்குதான் வெளியே போகும். மிச்சம் அங்கேயே தேங்கும். அந்த மிச்சத்தை இந்திய அரசுக் கடன் பத்திரத்தில் போடலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. ஆனால் போரில் இருக்கிற நாட்டுக்குத் தேவை இயந்திரமும் மின்னணுச் சில்லும். நம் கடன் பத்திரத்தை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் கோடிக்கணக்கான ரூபாய் கிடக்கிறது, பயன்படுத்த வழியில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அதன் பிறகு எண்ணெய்க்கான பணத்தில் கணிசமான பகுதி அமீரகத் திர்ஹாமில் போனது.

வயதானவர்களுக்கு இது பழைய பாட்டு. 1953இலிருந்தே சோவியத் யூனியனோடு நாம் ரூபாயில் வியாபாரம் செய்தோம். நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையமும், கிண்டியில் இருந்த அறுவை சிகிச்சைக் கருவித் தொழிற்சாலையும் சோவியத் உதவியால் வந்தவை. அந்தப் பக்கம் சேர்ந்த ரூபாயை வைத்து அவர்கள் நம் தேயிலையையும் தோல் பொருளையும் ஆயத்த ஆடையையும் வாங்கினார்கள். ரூபாய்க்கு அப்போது வேலை இருந்தது. 1991இல் சோவியத் உடைந்ததும், நீலகிரித் தேயிலையை மொத்தமாக வாங்கிய கை திடீரென்று காணாமல் போனது. குன்னூர் ஏலத்தில் அதன் அடி பல வருஷம் தெரிந்தது. ஒரே வாங்குபவரை, ஒரே கணக்கை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மலையிலேயே சாட்சி இருக்கிறது.

ஈரான் கணக்கும் இதே பாடம்தான். 2012க்குப் பிறகு ஈரான் எண்ணெய்க்கான பணத்தில் ஒரு பகுதியை இந்தியா யூகோ வங்கியில் ரூபாயாகக் கட்டியது. அந்த ரூபாயிலிருந்து நம் பாஸ்மதி வியாபாரிகளுக்கும் அசாம் தேயிலை வியாபாரிகளுக்கும் பணம் வந்துகொண்டிருந்தது. 2019 மே மாதம், ஈரான் எண்ணெய் வாங்க அமெரிக்கா தந்திருந்த தடை விலக்கு முடிந்து, நாம் ஈரான் எண்ணெயை நிறுத்தினோம். மேல் தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயை அடைத்தால் கீழே எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும்? கணக்கில் இருந்த ரூபாய் வற்ற வற்ற, அரிசி அனுப்பியவர்களுக்குப் பணம் தாமதமாகத் தொடங்கியது. எண்ணெய் வாங்குவதில் எடுத்த முடிவு ஹரியானா அரிசி ஆலைக்காரர் தலையில் விடிந்தது.

இலங்கையின் ஏற்பாடு எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. 2012இல் வாங்கிய எண்ணெய்க்காக ஈரானுக்குத் தர வேண்டிய 25.1 கோடி டாலரை, டாலராகத் தர வழியில்லாமல் தேயிலையாகத் தருவது என்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். மாதம் 50 லட்சம் டாலர் பெறுமானத் தேயிலை. 2022 நெருக்கடியால் தள்ளிப்போய் 2023இல்தான் தொடங்கியது. இதில் ஈரானுக்குத் தேயிலை போகிறது; ஏற்றுமதி செய்த கம்பெனிக்கு இலங்கை ரூபாயில் இலங்கையிலேயே பணம் கிடைக்கிறது; ஈரானில் தேயிலை வாங்கியவர் தன் நாட்டு ரியாலைத் தன் நாட்டு எண்ணெய் நிறுவனத்துக்குக் கட்டுகிறார். இரண்டு நாட்டுக்கும் நடுவே டாலர் இல்லை. நுவரெலியாப் பக்கத்து மலையகத் தமிழ்ப் பெண் ஒருத்தி நாள் கூலிக்குப் பறித்த கொழுந்து, பத்து வருஷத்துக்கு முன் எரிந்து முடிந்த எண்ணெயின் கடனை அடைக்கிறது. வேலை செய்கிற ஏற்பாடுதான், ஏனென்றால் ஈரானியர் இலங்கைத் தேயிலையை உண்மையாகவே விரும்பிக் குடிப்பவர்கள். ஆனால் தேயிலை விற்றால் டாலர் வரும், அந்த டாலரில் மருந்து வாங்கலாம் என்று காத்திருக்கிற ஒரு நாட்டுக்கு, இதில் அந்த டாலர் வருவதில்லை. அந்த இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும்.

இந்தக் கதைகளை எல்லாம் வைத்துக்கொண்டு பார்த்தால், கூட்டணி விரிவதன் உண்மையான பலன் எங்கே இருக்கிறது என்பது பிடிபடும். இரண்டே பேர் பண்டமாற்றுச் செய்தால், ஒருவரிடம் எப்போதும் மிச்சம் நிற்கும். பத்துப் பேர் ஒரு வட்டத்தில் இருந்தால், ரஷ்யாவிடம் சேர்ந்த திர்ஹாமை அது அமீரகத்தில் செலவழிக்கலாம். அமீரகத்திடம் சேர்ந்த ரூபாய்க்கு அது இந்தியாவில் அரிசியும் நகையும் வாங்கலாம், சாலையிலும் துறைமுகத்திலும் முதலீடு செய்யலாம். 2023 ஆகஸ்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அபுதாபியின் அட்னாக்கிடம் வாங்கிய பத்து லட்சம் பீப்பாய் எண்ணெய்க்கு ரூபாயில் பணம் கொடுத்தது. அளவு சிறிது. ஆனால் அமீரகத்துக்கு ரூபாயைச் செலவழிக்க இடம் உண்டு, ரஷ்யாவுக்கு இல்லை. அந்த வித்தியாசம்தான் முக்கியம். ஐந்து நாட்டு பிரிக்ஸில் எண்ணெய் விற்கும் பெரிய நாடு ரஷ்யா, பிரேசிலும் கொஞ்சம். 2024க்குப் பிறகு அமீரகமும் ஈரானும் உள்ளே வந்ததால், எண்ணெய் விற்பவரும் வாங்குபவரும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இந்தோனேசியா வந்ததால் நம் வீட்டு பாமாயிலும், உலகத்தில் தோண்டுகிற நிக்கலில் பாதிக்கு மேலும் அந்த வட்டத்துக்குள்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். திர்ஹாமை எல்லோரும் தயங்காமல் வாங்கக் காரணம், அது ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போட்ட பணம். டாலரை விட்டு விலகிப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, டாலரின் நிழலில்தான் ஒதுங்குகிறோம்.

அதனால் டாலர் போய்விடுமா என்ற கேள்விக்கு என் பதில்: நம் காலத்தில் இல்லை. உலகில் நடக்கிற நாணய மாற்றில் ஏறக்குறைய 90 சதவீதத்தில் ஒரு பக்கம் டாலர் இருக்கிறது. மத்திய வங்கிகளின் கையிருப்பில் அதன் பங்கு 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வந்திருக்கிறது. சீன யுவானின் பங்கு 2 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும். பிரேசில் ரியாலையும் இந்திய ரூபாயையும் நேரடியாக மாற்றப் பெரிய சந்தை இல்லை. ஒரு வியாபாரிக்கு மூன்று மாதம் கழித்து வரப்போகிற ரியாலுக்கு இன்றைக்கே விலை கட்டித் தரச் சொன்னால், வங்கி ரியாலை டாலராக்கி, டாலரை ரூபாயாக்கி, இரண்டு பக்கமும் தன் லாபத்தை வைத்துத்தான் விலை சொல்லும். டாலரில் பில் போட்டால் ஃபார்வர்டு கவர், அதாவது இப்படி முன்கூட்டியே விலை கட்டுவது, ஒரு போன் அழைப்பில் முடிந்துவிடும். சீனாவும் ரஷ்யாவும் தங்களுக்குள் 90 சதவீதத்துக்கு மேல் யுவானிலும் ரூபிளிலும் முடித்துக்கொள்கின்றன என்பது உண்மை. ரஷ்யாவுக்கு வேண்டிய காரும் செல்போனும் இயந்திரமும் சீனாவில் கிடைக்கின்றன. அதனால் யுவான் அதற்குச் செல்லும் காசு. நம் ரூபாய் அந்த நிலைக்கு வர வேண்டுமானால், நாம் விற்கிற பொருளின் பட்டியல் நீள வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை. பிரிக்ஸ் பொது நாணயம் என்ற பேச்சு அடிக்கடி கிளம்பும். டாலரை ஒதுக்குவது எங்கள் கொள்கை அல்ல என்று இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 2024 டிசம்பரில் தோஹாவில் தெளிவாகவே சொல்லிவிட்டார். அதற்குச் சில நாள் முன்புதான் டிரம்ப், டாலருக்கு மாற்று தேடினால் 100% வரி என்று பிரிக்ஸ் நாடுகளை மிரட்டியிருந்தார்.

வட்டத்துக்குள் இருக்கிற பெரிய சிக்கல் சீனா. 2024–25இல் நாம் சீனாவிடம் வாங்கியது 11,300 கோடி டாலருக்கு மேல். விற்றது 1,425 கோடி. பற்றாக்குறை மட்டும் 9,900 கோடி டாலர். ரஷ்யாவிடம் ரூபாய் தேங்கியதைப் போல, சீனாவோடு உள்நாட்டு நாணயத்தில் வியாபாரம் செய்தால் கடைசியில் எல்லோரும் யுவானைத் தேடி அலைய வேண்டியிருக்கும். மற்ற உறுப்பினர்களும் இதை உணர்ந்தேதான் இருக்கிறார்கள். பிரேசில் மின்சாரக் காருக்கான இறக்குமதி வரியை 2024இலிருந்து படிப்படியாக 35 சதவீதத்துக்கு ஏற்றத் தொடங்கியது. சீனாவின் கார் நிறுவனமான பிஒய்டியும், பாஹியா மாநிலத்தில் ஃபோர்டு விட்டுப்போன தொழிற்சாலையை எடுத்து அங்கேயே கார் செய்ய வந்தது. ரஷ்யாவே இறக்குமதிக் காருக்கான கட்டணத்தை 2024 அக்டோபரில் கூர்மையாக ஏற்றியது. அங்கே வருகிற வெளிநாட்டுக் கார் பெரும்பாலும் சீனக் கார்தான். 2025 ஏப்ரலில் சீனா, வாகன மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களுக்கு ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்றதும், நம் வாகனத் தொழில் முழுக்கக் கலங்கியது. ஒரே மேசையில் உட்காருகிற நாடு என்று சீனா எந்தச் சலுகையும் காட்டவில்லை. நாமும் அப்படித்தான்: 2023 ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது, ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகள் எவ்வளவு கெஞ்சின!

ஈரானும் எகிப்தும் ஒரே நாளில் உறுப்பினர் ஆனவை. ஈரானின் ஆதரவு பெற்ற ஏமன் நாட்டு ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியதால், எகிப்துக்கு சூயஸ் கால்வாயில் வந்த வருமானம் 2023இல் 1,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது 2024இல் 400 கோடி அளவுக்கு விழுந்தது. தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற கன்டெய்னர் ஆப்பிரிக்காவைச் சுற்றிப்போய் இரண்டு வாரம் தாமதமானதும் இதனால்தான்.

இவ்வளவு சொன்னபின், பிரிக்ஸ் வெறும் பேச்சு மேடை என்று நினைத்துவிட வேண்டாம். 2014இல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் முடிவு செய்து தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கி ஷாங்காயில் நடக்கிறது. முதல் தலைவர் நம் கே.வி. காமத். தொடங்கிய ஐந்து நாடுகளுக்கும் சம பங்கு, சம ஓட்டு. உலக வங்கியில் கிடைக்காத விஷயம் இது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தருகிறவர்களில் ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கியோடு இந்த வங்கியும் இருக்கிறது. கடனில் 30 சதவீதத்தை அந்தந்த நாட்டுப் பணத்திலேயே தருவது என்று இலக்கும் வைத்திருக்கிறார்கள். ரூபாயில் வருமானம் வருகிற மெட்ரோவுக்கு ரூபாயில் கடன் கிடைத்தால், டாலர் ஏறும்போது கடன் வீங்காது. எனக்கு பிரிக்ஸில் உண்மையாகவே நம்பிக்கை தருகிற இடம் இதுதான். அதே நேரம், 2022 மார்ச்சில் இந்த வங்கியே ரஷ்யாவில் புதிய கடன்களை நிறுத்தி வைத்தது. உலகச் சந்தையில் பத்திரம் விற்றுப் பணம் திரட்டுகிற வங்கி, தன் தர மதிப்பீட்டைக் கெடுத்துக்கொள்ள முடியாது அல்லவா? 10,000 கோடி டாலர் அவசரக் கையிருப்பு ஏற்பாடும் ஒன்று உண்டு. ஆனால் ஒரு நாடு தன் பங்கில் 30 சதவீதத்துக்கு மேல் எடுக்க வேண்டுமானால் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) திட்டத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. இன்னும் ஒரு தடவைகூட யாரும் எடுக்கவில்லை.

பேரம் பேசுகிற இடத்திலும் எண்ணிக்கை உதவுகிறது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம், நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா விடாததால் 2019 டிசம்பரிலிருந்து செயலிழந்து கிடக்கிறது. வழக்கில் தோற்றாலும் மேல்முறையீடு என்று சொல்லி நிறுத்தி வைத்துவிடலாம். நிக்கல் தாது ஏற்றுமதித் தடையில் ஐரோப்பாவிடம் தோற்ற இந்தோனேசியா அதைத்தான் செய்தது. நடுவர் இல்லாத ஆட்டத்தில் சின்ன நாடு தனியாக நின்றால் அடி விழும். தயாரிப்பில் வெளியேறும் கார்பனுக்கு ஏற்ப இறக்குமதிச் சரக்குக்குப் போடுகிற ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரியில் முழுமையாக நடப்புக்கு வந்தது. அதை எதிர்த்து நம் இரும்பு ஆலைகளுக்காக இந்தியா தனியாகப் பேசுவதற்கும், பிரேசில், தென்னாப்பிரிக்கா, இந்தோனேசியாவோடு சேர்ந்து பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. அந்தப் பலத்துக்கு ஒரு விலையும் உண்டு: 2025 ஜூலையில் ரியோ மாநாடு நடக்கும்போதே, பிரிக்ஸின் பக்கம் சாய்கிற நாட்டுக்குக் கூடுதலாக 10% வரி என்று டிரம்ப் அறிவித்தார்.

இனி நம் ஊர் ஏற்றுமதியாளர். 2026இல் பிரிக்ஸ் தலைமை இந்தியாவிடம் இருக்கிறது. நம்மவர்கள் கேட்க வேண்டியது என்று எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பிரேசில் உறுப்பினராக இருக்கிற மெர்கோசூர் என்ற தென் அமெரிக்க வர்த்தகக் கூட்டோடு நமக்கு 2009இலிருந்து ஒரு சலுகை ஒப்பந்தம் இருக்கிறது. இரு பக்கமும் 450 பொருள் அளவுக்குத்தான் அதில் இடம், குறைப்பும் கொஞ்சம்தான். அதை விரித்து ஆடையையும் சேர்க்க வைத்தால், அந்த 35% சுவரில் ஒரு ஜன்னலாவது திறக்கும். பிரேசிலுக்கு நாமும் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும். இப்போதே அங்கிருந்து உளுந்து வர ஆரம்பித்திருக்கிறது, மியான்மரை மட்டும் நம்பியிருந்த நம் இட்லிக்கு அது நல்லதுதான். இன்னொன்று, பிரேசிலில் குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம் கம்பெனிகளுக்கு ஆர்டர் மந்தமான மாதங்களில் அவர்களுக்குச் சரக்கு தேவைப்படலாம். திருப்பூரில் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

அந்தப் பனியன் கம்பெனிக்காரரிடம் அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: வரியே இல்லாத அமீரகத்தை முதலில் பிடியுங்கள், 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் நடப்புக்கு வரும்போது சாம்பிளோடு தயாராக இருங்கள். அவர் துபாயில் ஒரு பையரைப் பிடித்து, தீபாவளி கழித்து முதல் கன்டெய்னரை அனுப்பினார். பில்லைக் கொண்டுவந்து காட்டினார். டாலரில் போட்டிருந்தார். அமீரகத்தோடு இப்போது ரூபாயிலேயே போடலாமே, மாற்றுச் செலவு மிச்சமாகுமே என்று கேட்டேன்.

"போடலாங்க சார், பையரும் சரின்னுதான் சொன்னாரு. ஆனா நிட்டிங் மெஷின் வாங்குன கடன் டாலர்லதானுங்களே இருக்குது. வர்ற டாலர அப்படியே அதுக்குக் கட்டிருவனுங்க."